சாப்பாட்டு மேஜைப் பரீட்சை

“பேனாவைக் கீழ வெச்சிடு. நேரம் முடிஞ்சுது” என்றார் அப்பா. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பெற்ற மகளாக இருந்தாலும் ஒரு நிமிடம் கூட்டித் தர மாட்டார்.

சாப்பாட்டு மேஜைதான் பரீட்சை ஹால். சுவரைப் பார்த்த ஒற்றை நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், வேறெதுவும் கிடையாது. அப்பா சத்தமில்லாமல் பின்னால் நடப்பார். அம்மா விடைத்தாளை நூல் கோத்துக் கட்டி வாங்கி வைப்பாள். போன வருடம் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் கோட்டை விட்ட மகளுக்கு ஹால் பயம் தெளிய வேண்டும் என்று டியூஷன் வாத்தியார் சொன்ன வைத்தியம் இது.

“இப்படி அப்பா அம்மா கிடைக்க உங்க பொண்ணு குடுத்து வெச்சிருக்கணும்” என்றாள் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி. “எங்க வீட்டுல விடிஞ்சா ரகளை. உங்க வீட்டுல சின்னச் சத்தம்கூட இல்லையே.”

அம்மா சிரித்து வைத்தாள். பேச்சு இருந்தால்தானே சத்தம் வரும். “அவ சாப்பிட்டாளா?” என்று அவர் கேட்பார், “நாளைக்கு என்ன பரீட்சை வைக்கிறது?” என்று இவள் கேட்பாள். புருஷன் பெண்டாட்டிக்குள் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

போன வருடமே முடிந்திருக்க வேண்டிய கதை. மகளின் அறைக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர் என்பதால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் இருவரும் பேசினார்கள்.

“இனிமே ஒத்து வராது” என்றாள் இவள். “நான் தனியாப் போயிடறேன்.”

“அவ பரீட்சை முடியட்டும்” என்றார் அவர். “அதுவரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடக் கூடாது.”

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை வரவில்லை. அம்மா வேலை செய்யும் கண்ணாடிக் கடையில், வேறு ஊர்க் கிளையைக் கவனித்துக்கொள்ளும்படி முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். பரீட்சைதானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று இருந்தாள்.

வகுப்பில் எப்போதும் முதல் வரிசையில் வருகிற பெண், பெயில் என்று வந்து நின்றாள். அம்மா அன்று அழுத அழுகையைப் பார்த்து அக்கம்பக்கமே ஆறுதல் சொன்னது. அதில் பாதி தனக்காக அழுதது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

உடனே வந்த துணைத் தேர்விலும் மகள் தேறவில்லை. மறுபடியும் ஒரு வருடம். மறுபடியும் அதே கட்டில், ஆளுக்கொரு ஓரம். வெளியே போக வேண்டியவள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்து, காற்று போதாமல் தவிப்பது அம்மாவுக்கு வாடிக்கையாகிவிட்டது. முதலாளியும் இந்தத் தடவை கறாராகச் சொல்லிவிட்டார்: “பரீட்சை முடிஞ்சதும் வந்து சேருங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்.”

அம்மா விடைத்தாளைப் புரட்டினாள். கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

“பெரிய கேள்வியை ஏன் விட்டுட்டே?”

“மறந்துடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு மகள் முகம் கழுவப் போனாள்.

சாயங்காலம் அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, பால்கனியில் மகளின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் மறந்துபோன அதே கேள்விதான். புத்தகத்தைத் தொடவில்லை, எங்கேயும் தடுமாறவில்லை, நடுவில் வாத்தியாரைப் போலப் பேசிக் காட்டிக் கேலி வேறு.

“நீ சொன்னா மட்டும் எப்படிடீ மண்டையில ஏறுது?” என்றாள் அந்தப் பெண்.

எல்லாம் தெரிந்த பிள்ளை, நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்றுமில்லாமல் போகிறதே. அம்மாவுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்தப் பெண் கிளம்பும்வரை பொறுத்திருந்து, மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“இங்க பாரு கண்ணு. நீ பெயிலானாக்கூட நானோ அப்பாவோ உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்.”

“தெரியும்மா.”

“அப்புறம் ஏன் பயப்படறே? ஹால்ல யாராவது மிரட்டறாங்களா?”

“ஹால் பயமெல்லாம் எனக்குக் கிடையாது.”

“பின்ன, தெரிஞ்சதை எழுதாம விட்டா என்ன அர்த்தம்?” அம்மாவின் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. “போன வருஷமும் தெரிஞ்சேதான் விட்டியா?”

மகள் ஆமாம் என்று தலையாட்டினாள். பக்கத்தில் நகர்ந்து வந்து, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பாஸாயிட்டா நீ போயிடுவியேம்மா.”