பல்லி சொன்னால் சரி

கோர்ட் சுவரில் குடியிருந்த பல்லிக்குத் தன் நாக்கின்மேல் ஏகப்பட்ட பெருமை. யாராவது பேசும்போது அது 'ச்சுக்' கொட்டினால் போதும், "பாரு, பல்லியே சொல்லிடுச்சு" என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள்.

கோழியின் முட்டையைத் திருடியதாகப் பெருச்சாளிமேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. சாட்சி விசாரணைகூட முடியவில்லை, அதற்குள் வராந்தாவில் வாத்து, "திருடினது பெருச்சாளிதான்" என்றது. பல்லி சும்மா இருக்குமா? 'ச்சுக்' கொட்டியது. அன்றிலிருந்து டீக்கடை ஆடு பெருச்சாளிக்கு டீ தரவில்லை.

நீதிபதி ஆந்தைக்குக் கோபம் தலைக்கேறியது. "வழக்கு நடக்கும்போது தீர்ப்புச் சொல்ல நீ யார்? இது கோர்ட் அவமதிப்பு. இனி இந்தக் கட்டடத்துக்குள் வாயைத் திறந்தால் வாலை ஒட்ட நறுக்கிவிடுவேன்."

அறுந்தால் முளைக்கிற வால்தான், ஆனாலும் வலிக்குமே என்று பல்லி வாயை மூடிக்கொண்டது.

கடைசியில், முட்டையைக் கோழியே வைக்கோலுக்குள் வைத்துவிட்டு மறந்துபோனது தெரிந்தது. "பெருச்சாளி நிரபராதி" என்றது ஆந்தை.

ஒருத்தரும் அசையவில்லை. எல்லாரும் சுவரையே பார்த்தார்கள். பெருச்சாளிக்குக் கண் கலங்கியது.

ஆந்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, "பல்லி, ஒரே ஒரு தடவை கொட்டேன்" என்றது.

பல்லி ஜன்னலைத் தாண்டி வெளியே போய்த்தான் வாயைத் திறந்தது.

"மன்னிக்கணும் ஐயா, கோர்ட் அவமதிப்பு ஆயிடும்."