ஞானமுத்துவுக்கு இடமில்லை

"இந்தக் கிறிஸ்துமஸுக்காவது என்னைக் கொயர்ல சேர்த்துக்கோம்மா!"

தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டும் ஞானமுத்து, மூன்று நாளாக மிளகுக் கசாயம் குடித்துத் தொண்டையைத் தீட்டிக்கொண்டு தோட்டத்து ஜெபக்கூடத்துக்கு வந்திருந்தார்.

"முடியாதுலா அங்கிள்," என்றாள் பாடகர் குழுவான கொயரை நடத்தும் மெர்லின், கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

"பாடிக் காட்டுறேன். கேட்டுட்டுச் சொல்லு."

"ஐயோ, வேணாம் அங்கிள்!"

அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். பாடி முடித்தபோது பின்னால் கொயரில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

ஞானமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க கொயர்ல நிக்கிற சாலமோன் பாடினா லைன் வீட்டு நாயெல்லாம் சேர்ந்து ஊளையிடுது. அவனுக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா?"

மெர்லின் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இங்க உங்க குரலை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஆனா நம்ம சபையில மொத்தமே இருபத்துநாலு பேரு. என்னையும் சேர்த்து இருபத்துமூணு பேரு கொயர்ல இருக்கோம். நீங்களும் ஏறிட்டா, தானா ராத்தா டவுன்லேருந்து வர்ற பாஸ்டர் ஒரு மணி நேரத் தேவ செய்திய யாருக்குலா குடுப்பாரு?"

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில், காலியான பெஞ்சுகளுக்கு நடுவே ஞானமுத்து ஒற்றை ஆளாக உட்கார்ந்து முழுச் செய்தியையும் கேட்டார். முடித்ததும் பாஸ்டர் கொயர் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் நிறையப் பாடிவிட்டீர்கள், உட்காருங்கள். கடைசிப் பாட்டைச் சபையார் மட்டும் பாடட்டும்!"

சபையார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.