கேலரியில் என் இடம்

இந்த வருஷம் எங்கள் மட்டாஞ்சேரிக் கல்லூரிக் கால்பந்து அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதிப் போட்டிக்கு வந்தது என்றால், முழுக் காரணம் நான்தான். கோல் அடித்த பையன்களே இதை ஒப்புக்கொள்வார்கள்.

இறுதிப் போட்டியன்று பார்த்து எனக்குக் காய்ச்சல். நெற்றியில் தோசை வார்க்கலாம், அப்படி ஒரு சூடு.

"கட்டிலை விட்டு எறங்கினா காலை ஒடிச்சுடுவேன்" என்றாள் என் மனைவி விசாலாக்ஷி.

வாசலில் ஆட்டோவோடு வந்து நின்ற கேப்டன் சஃப்வான் அழாத குறை. "மாமி, மாமா வரல்லேன்னா கப் போச்சு!"

"ஏன், இவர் வந்து கோல் அடிக்கப் போறாரா?"

"அதைவிடப் பெரிய வேலை மாமி! உக்காந்து கை தட்டினா போறும்."

மாமி இளகினாள். பையன்கள் என்னைப் போர்வையோடு தூக்கிப்போய் வழக்கமான இடத்தில் உட்காரவைத்து, கையில் கொடியையும் கொடுத்தார்கள். நான் போட்ட கூச்சலுக்கு வல்லார்பாடத்தில் நின்ற கப்பல் ஹாரன் அடித்துப் பதில் சொன்னது.

இடைவேளையில் நாங்கள் இரண்டு கோல் முன்னால். எதிரணிக் கோச் மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தார்.

"சாரே, உங்க காலைப் பிடிக்கறேன். எங்க கொடியைக் கீழே வச்சிட்டு உங்க காலேஜ் பக்கமே போயிடுங்கோ. நீங்க யாருக்குக் கை தட்டினாலும் அவங்க தோத்துப்போறது ஜில்லா முழுக்கத் தெரியும்!"

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆட்டம் மறுபடி தொடங்கியதும் அவர்கள் கொடியை இன்னும் உயரத் தூக்கி, "விடாதீங்கோ பசங்களா, ஜெயிச்சுடலாம்!" என்று அலறினேன்.

மூன்றாவது கோலும் விழுந்தது.