தொண்ணூற்றாறு மதிப்பெண் ஊர்

வரும் தை பிறந்ததும் ஊர்கள் எல்லாம் தங்களைக் காத்துக்கொள்ளக் கதவடைத்துவிடும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஓர் ஆளோ ஒரு மூட்டையோ உள்ளே போக முடியாது. எந்த ஊர் தாக்குப்பிடிக்கும் என்று மதிப்பெண் போடுவது என் அரசாங்க வேலை. தாலுகாவில் நூற்றுப்பத்து ஊர்களை அலசி, வெள்ளையூரணிக்கு மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டேன். வற்றாத கிணறு, விதைநெல், வெயில் மின்சாரம், பிரசவம் பார்க்க ஆள் எல்லாம் அங்கே இருந்தன. என் பெட்டியையும் ஜீப்பிலேயே கொண்டுபோயிருந்தேன் என்பதை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை.

ஊர்ச் செயலாளர் பஞ்சவர்ணம் என்னைச் சேர்ப்பதற்கு ஒரு படிவத்தை எடுத்தார்.

"மாடு கறப்பீகளா சார்?"

"இல்லம்மா."

"மோட்டாரக் கழட்டி மாட்டுவீகளா?"

"மாட்டும்போது பாத்திருக்கேன்."

"களையாச்சும் எடுப்பீகளா?"

எது களை, எது பயிர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். தற்சார்பு வாழ்க்கை பற்றி இருபது வருடம் வகுப்பெடுத்தவன் நான் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையாம்.

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க. தோள்ல வலி கிலி ஏதும் இருக்கா?"

"இல்லையே."

"இங்கன நடமாடுற ஆம்பளைக மூணே பேருதான். போன மாசம் எங்க வீட்டுக்காரரை டிராக்டர்லதான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். பாடை தூக்க நாலாவது ஆளு இல்ல."

மதிப்பெண் போட நான் வைத்திருந்த இருநூறு கேள்விகளில் இது இல்லை.

தகுதி என்ற கட்டத்தில் 'தோள்' என்று எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"பேரைச் சொல்லு தம்பி."