பாதி வாடகை

இந்தக் காலத்தில் கல்லறை மண் காய்வதற்குள் கணக்குக் கேட்கிறார்கள். அரூரில் நானும் செத்துப்போன தம்பி சவரியும் சேர்ந்து கட்டிய கடையின் வாடகைக்கு வரிக் கணக்குக் காட்ட, ஆடிட்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் தம்பி பெண்சாதி இசபெல்லா. ஜன்னல் வெயில் அவள் கைமேல் விழுகிறது, அவள் கையை நகர்த்தவில்லை. “தம்பி எழுதுன உயில்படி அவரோட பாதிய இனி இந்தம்மா பேர்ல காட்டணுங்க,” என்கிறார் ஆடிட்டர். “அவன் இருந்தப்பவே முழு வாடகையும் நான்தானுங்க வாங்குனேன். என் பேர்லயே எழுதுங்க.” “யார் வாங்குனாலும் பாதி அவங்களுதுங்க.” இசபெல்லா தலை நிமிராமல் சொல்கிறாள்: “வரி கட்டவாச்சும் என் பேரு இருக்கட்டும், மாமா.” மின்விசிறி கிறீச்சிடுகிறது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் பாதிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படி இறங்குகிறேன். கடைக்கு இருப்பது ஒரே கதவு. அதில் எது பாதி?