இரண்டு மைக்ரோ லீற்றர்

"அஞ்சு மைக்ரோ லீற்றர் என்டுதான் செய்முறைக் கடுதாசியில போட்டிரிக்கு. நீங்க ஏன் தம்பி ரெண்டு ரெண்டு என்டு என்ட உயிரை எடுக்கிறீங்க?"

சஹ்லா டீச்சர் போட்ட சத்தம் ஆய்வுகூடத்தின் வாசல் வரை கேட்டது. நிதுர்ஷன் மட்டும் அசையவில்லை.

"ரெண்டு போதும் டீச்சர். நான் போட்டுப் பாத்திரிக்கன். கூடுதலாப் போட்டா வேண்டாத செல்லெல்லாம் சேந்து மினுங்கும்."

காத்தான்குடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சஹ்லா, ஒரு வருட லீவில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்தவள். எலிக்காய்ச்சல்காரரின் இரத்தத்தில் காமா டெல்டா டீ செல் என்கிற வெள்ளையணு எத்தனை என்று எண்ணுவதுதான் அவளுடைய வேலை. அந்தச் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் பிறபொருளெதிரி, அதாவது அன்டிபொடி, ஒன்று இருக்கிறது. அதை இரத்தத்தில் கலந்துவிட்டால், லேசர் படும்போது செல் மினுங்கும். இயந்திரம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான். விரலளவுக் குப்பி. வெளிச்சம் பட்டால் மங்கிப்போகும் என்பதால் எந்நேரமும் அலுமினியத் தாளுக்குள்தான் கிடக்கும். தாளுக்கு மேலே 'சஹ்லா' என்று பெரிய ஸ்டிக்கர்.

எலிக்காய்ச்சல் வருவது மாரியில், வவுணதீவு வயல் வட்டைகளில் தண்ணீர் நிற்கும்போது. மாரி போனால் நோயாளி இல்லை. மார்ச் போனால் லீவு இல்லை. முப்பது பேரின் இரத்தம் வேண்டும், இருபத்தேழு முடிந்தது. மிச்சம் மூன்றும் பிழையாய்ப் போனால் பட்டமில்லாமல் பள்ளிக்கூடம் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் டீச்சருக்கு ஐந்து தேவைப்பட்டது.

நிதுர்ஷன் கரடியனாற்றுப் பையன். அதே கூடத்தில் அவனும் அதே செல்லில்தான் ஆராய்ச்சி செய்கிறான். செய்கிறான் என்று பெயர். டிசம்பரில் முடித்திருக்க வேண்டியது. கேட்டால், "நான் இரத்தம் எடுக்கிற ஆக்கள் செட்டிபாளையத்து மீன்காரர். ஒரு நோய் வருத்தமும் இல்லாதவங்க. எங்க போகப் போறாங்க? மறுகா செய்வம்" என்பான். ஆனால் டீச்சர் பிப்பெட்டைத் தூக்கினால் போதும், பக்கத்தில் வந்து நின்றுவிடுவான். குப்பியைச் சுழல் இயந்திரத்தில் சுழற்றி, மூடியில் ஒட்டிய துளியைக்கூடக் கீழே இறக்கித்தான் கொடுப்பான்.

"சரியான கஞ்சன்," என்று பக்கத்து மேசைப் பிரஷாந்தியிடம் சஹ்லா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "தேத்தண்ணிக் கோப்பையையும் சுழட்டிப்போட்டுத்தான் குடிப்பான் போல."

இன்று அந்தச் சிரிப்பு வரவில்லை.

"தன்ட வேலையை முடிக்க வழியில்ல. என்ட குப்பிக்குக் காவல் நிக்கிறீங்க. இது யார்ட அன்டிபொடி?"

"உங்கடதான் டீச்சர்."

"அப்ப நான் விரும்பினபடி ஊத்துவன்."

"ஊத்துங்க. ஆனா உள்ளுக்க ஆறு மைக்ரோ லீற்றர்தான் இரிக்கு. ரெண்டு ரெண்டா விட்டா மூணு பேருக்குக் காணும்."

சஹ்லா பிப்பெட்டைக் கீழே வைத்தாள்.

"ஆறா? அம்பது பேருக்குக் காணும் என்டுதானே ஓடர் போட்ட! டிசம்பர்ல குப்பியக் கொண்டுவந்து கையில தந்தது நீங்கதானே தம்பி. வழியில என்ன நடந்த?"

கூடமே திரும்பிப் பார்த்தது. நிதுர்ஷனின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று வெளியே போய்விட்டான்.

"பாத்தியா? ஓடிட்டான்," என்றாள் சஹ்லா பிரஷாந்தியிடம்.

அந்த நேரம் பார்த்து அலுவலகப் பியோன் ஜிப்ரி குளிர் கெடாத ஒரு ரெஜிபோம் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"டீச்சர், உங்கட மருந்துப் பார்சல். ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்ட பார்சல் டிசம்பர்லயே வந்திட்டே ஜிப்ரி நானா. மாறி அனுப்பிட்டாங்க போல."

"இல்லயே! ஏதோ ஒரு கடுதாசி குறைஞ்சு ஓடர் அங்கயே நின்டுட்டாம். இப்பதான் முதல் தரமா வருது. நிதுர்ஷன் தம்பி சொல்லல்லயா? டிசம்பர்ல டீச்சர்ட பார்சல் வந்திட்டா? வந்திட்டா? என்டு ஒரு நாள் விடாம என்ட மேசையில வந்து நின்ட புள்ளதானே."

பெட்டியைத் திறந்தாள். அவளுடைய பெயர், அவளுடைய ஓடர் நம்பர், சீல் உடைக்காத குப்பி.

அப்படியென்றால் இந்த இரண்டு மாதமும் அவள் ஊற்றியது யாருடையது?

சஹ்லா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பழைய குப்பியை எடுத்துத் தன் பெயர் ஒட்டிய அலுமினியத் தாளை முதல்முறையாக உரித்தாள். குப்பியைச் சுற்றி ஒரு சின்னக் கடதாசி. பொடி எழுத்தில் பச்சைப் பேனாவால் எழுதியிருந்தது:

'நிதுர்ஷன். கடைசி 30 பேருக்கு. தொட வேண்டாம்.'

அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. 'கஞ்சன்' என்று சிரித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. 'வழியில என்ன நடந்த' என்று கேட்டதும்.

நிதுர்ஷன் ஒன்றும் நடக்காதவன்போலத் திரும்பி வந்தான். மேசையில் பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஆ, வந்திட்டா? இனி நீங்க அஞ்சே போடலாம் டீச்சர்!"

சஹ்லா பேனாவை எடுத்தாள். புதுக் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி, ஸ்டிக்கரில் 'நிதுர்ஷன்' என்று எழுதி ஒட்டி, அவன் கையில் வைத்தாள். பிறகு பழைய குப்பியை எடுத்து, மூடித் துளி இறங்கும்வரை தானே சுழற்றினாள்.

"எனக்கு ரெண்டு போதும், தம்பி."