கடை அவளுக்கு, புறா அவருக்கு
தாய்னான் நகரத்து வக்கீல் அறையில், காலை வெயில் ஒப்பந்தத் தாளின்மேல் விழுகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் மீன் கஞ்சிக் கடை பெய்யூனுக்கே சொந்தம் என்கிறது அந்தத் தாள். முதல் கல்யாணம் முறிந்தபோது அவளுடைய பழைய கடை அந்தப் புருஷனோடு போயிற்று. இந்தக் கடையை ஒற்றை ஆளாக எழுப்பியவள் அவள். அடுத்த வாரம் அவளை மணக்கப்போகும் தியென்ஃபூ, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வரி விடாமல் படிக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. அவர் முகம் சுருங்கினாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றுவதாக இல்லை அவள். "எல்லாம் சரி. என் பந்தயப் புறா நாப்பதையும் ஏன் எழுதல?" என்கிறார் அவர். "அதுல எனக்குப் பங்கு வேணாங்க. எச்சம் கூட்டுறதுலயும் வேணாம்." "வக்கீலம்மா, இந்த ரெண்டையும் சேர்த்து எழுதிடுங்க," என்கிறார் தியென்ஃபூ. வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டச்சு செய்கிறார். இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள், முதலில் தியென்ஃபூ.